நான்காம் முறை விதி: அலுவலகத்தில் தவிர்க்க முடியாதவர் ஆதல் குறித்த ஒரு முன்னோடி ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

படைப்பாற்றலும் தானாக முன்வந்து செய்யும் குணமும் கொண்ட ஊழியர் தம் அலுவலகத்துக்குத் தவிர்க்க முடியாதவர் ஆகிவிடுவார் என்று பயிற்சி முகாம்களில், மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அமர்வில், தவறாமல் சொல்லப்படுகிறது. இந்தக் கூற்றை நாம் மறுக்கவில்லை. அப்படி ஆனபிறகு அவர் என்ன ஆகிறார் என்பதைச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்விலும் யாரும் சொல்வதில்லை என்பதே நம் கவலை. கண்டடைந்த முடிவுகள் மூன்று. ஒன்று, தவிர்க்க முடியாதவர் ஆவதற்குப் பெரிய அறிவு வேண்டியதில்லை. ஒரே ஒரு முறை இரக்கப்பட்டால் போதும். இரண்டு, ஆனவருக்குப் பதவி உயர்வும் வாய்ப்பதில்லை, தற்செயல் விடுப்பும் வாய்ப்பதில்லை. மூன்று, அவர் போன மறுநாளும் அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கிறது.

1. வரையறை

ஒருவர் விடுப்பில் போன அன்று, “ஏன் வரலை, உடம்புக்கு என்ன?” என்று விசாரிக்கப்பட்டால் அவர் சாதாரண ஊழியர். “எப்ப வருவார்?” என்று மட்டும் விசாரிக்கப்பட்டால் அவர் தவிர்க்க முடியாதவர். “ஆஸ்பத்திரியிலதானே இருக்கார், சும்மாதானே இருப்பார், ஒரு போன் போடுங்க” என்று சொல்லப்பட்டால் அவர் முற்றிய நிலையை அடைந்துவிட்டார்.

மேலதிகாரிகள் இந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். மேலதிகாரி விடுப்பு என்றால் அலுவலகத்தில் வடை வாங்கப்படுகிறது. பிரிண்டரைச் சரிசெய்பவர் விடுப்பு என்றால் வடை வாங்கும் மனநிலை யாருக்கும் இருப்பதில்லை. அதிகாரியாவதற்கு ஓர் ஆணை வேண்டும். தவிர்க்க முடியாதவராவதற்கு ஒரு ஸ்குரூடிரைவர் போதும்.

2. முன்னோர் ஆய்வுகள்

திருவள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்னும் 52ஆம் அதிகாரத்தில், வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைப் பத்தே குறளில் முடித்துவிட்டார். தேர்ந்தெடுத்த வேலையோடு பிறர் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்பவரை என்ன செய்வது என்பதற்கு அவர் தனி அதிகாரம் ஒதுக்கவில்லை. அந்தக் காலத்திலும் எழுத்தாணி கூராக்கித் தருபவர் ஒருவர் இருந்திருப்பார், எல்லோரும் அவரிடமே போய் நின்றிருப்பார்கள் என்பது நம் ஊகம். சான்று கிடைக்கவில்லை.

அடுத்த பெரிய பாய்ச்சல் 1955 நவம்பரில் நிகழ்ந்தது. சிங்கப்பூரில், அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த சி. நார்த்கோட் பார்க்கின்சன், ‘தி எகனாமிஸ்ட்’ இதழில் தம் புகழ்பெற்ற விதியை வெளியிட்டார். கையில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கும் வேலை பரவிக்கொள்ளும் என்பது அதன் சாரம். அவர் காட்டிய சான்று பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம். 1914இல் 62 பெரும் போர்க்கப்பல்கள் இருந்தன. 1928இல் 20தான் மிஞ்சின. அதே காலத்தில் தலைமையக அலுவலர்கள் 2,000 பேரிலிருந்து 3,569 பேராகப் பெருகினார்கள். கப்பல் குறையக் குறைய ஆள் கூடியது ஏன் என்று பார்க்கின்சன் விளக்கினார். அந்த 3,569 பேரில் மையொற்றும் தாள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் யார் என்று அவர் விசாரிக்கவில்லை.

1969இல் லாரன்ஸ் ஜே. பீட்டர், ரேமண்ட் ஹல் என்பவருடன் சேர்ந்து எழுதிய நூலில் இன்னொரு கொள்கை வந்தது. ஒரு வேலையை நன்றாகச் செய்பவருக்குப் பதவி உயர்வு தருவார்கள், தன்னால் முடியாத பதவியை அடையும்வரை உயர்ந்துகொண்டே போவார், அங்கே நின்றுவிடுவார். இதிலிருந்து நாம் ஒரு கிளைத் தேற்றம் வருவிக்கிறோம். தவிர்க்க முடியாதவருக்குப் பதவி உயர்வே தரமாட்டார்கள். “அவரை மேல அனுப்பிட்டா இதை யார் பார்ப்பாங்க?” என்ற கேள்வி எழும், பதில் இருக்காது, கோப்பு மூடப்படும். ஆகவே திறமைக் குறைவின் படியை ஒருநாளும் எட்டாமல், திறமையின் உச்சியிலேயே ஓய்வு வயதுவரை காவலில் வைக்கப்படும் ஒரே இனம் அவர்தான்.

3. ஆய்வுக் களமும் முறையும்

வட்டாட்சியர் அலுவலகம், அரசுப் பள்ளியின் ஆசிரியர் அறை, வங்கிக் கிளை, மென்பொருள் நிறுவனம் ஆகிய நான்கு வகை இடங்கள் களமாகக் கொள்ளப்பட்டன. எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்பது ஆய்வுமுறை. வினாநிரல் ஒன்று தயாரிக்கப்பட்டது. பிரிண்டர் ஓடாததால் வினியோகிக்க முடியவில்லை. புள்ளிவிவர அட்டவணைகளையும் இணைக்க இயலவில்லை. தரவுகளை எக்செல்லில் வைத்திருப்பவர் மச்சினன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார். அந்தக் கம்ப்யூட்டரின் கடவுச்சொல் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இதையே ஆய்வின் முதல் தரவாகக் கொள்ள வேண்டுகிறோம்.

4. வகைப்பாடு

4.1 பிரிண்டர் வைத்தியர்

இவரே இனத்தின் மூலவர். லேசர் பிரிண்டரில் காகிதம் சிக்குவது பெரும்பாலும் மழைக்காலத்தில். காகிதம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு நெளியும், ஒன்றோடொன்று ஒட்டும். இவர் வந்து மின்சாரத்தை நிறுத்துவார். பின்கதவைத் திறப்பார். சிக்கிய தாளைக் கிழியாமல், அது போகும் திசையிலேயே இரண்டு கையாலும் மெல்ல இழுப்பார். காகிதக் கட்டை விசிறிப் பிரித்து மறுபடி அடுக்குவார். அச்சு மங்கினால் டோனரை வெளியே எடுத்துப் பக்கவாட்டில் நான்கு ஆட்டு ஆட்டிப் பொருத்துவார். ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்த பொடி பரவி, இன்னும் சில பக்கங்கள் வரும். சுற்றி நிற்பவர்கள் மூச்சுவிடுவார்கள். “அவர் கை பட்டாத்தான் இது ஓடும்” என்பார் பிரிவுக் கண்காணிப்பாளர்.

இத்தனையும் பிரிண்டரோடு வந்த கையேட்டில் இருக்கிறது. கையேடு பிளாஸ்டிக் உறையோடு பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. உறையில் ஓர் ஓரம் மட்டும் பிரிந்திருக்கிறது. அந்தக் கையேட்டைப் படித்ததை யாரிடமும் சொல்லாமல் இருப்பதில்தான் வைத்தியரின் படைப்பாற்றல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

4.2 பிப்ரவரி மேதை

பெரும்பாலும் அரசுப் பள்ளிகளில் காணப்படுவார். பத்து மாதம் கணக்கோ வரலாறோ எடுப்பார். பிப்ரவரி பிறந்ததும் ஆசிரியர் அறையின் திசையே அவர் மேசையை நோக்கித் திரும்பும். வருமான வரிப் படிவம் கொடுத்தால்தான் அந்த மாதச் சம்பளப் பட்டியல் நகரும். படிவத்தைப் போடத் தெரிந்தவர் அவர் ஒருவரே. அவரிடம் ஓர் எக்செல் தாள் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் தட்டினால் கீழே வரி வந்து விழும். வரிக் கழிவுக்கான ஒன்றரை லட்சத்தை நிரப்ப எல்.ஐ.சி. ரசீது போதுமா, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் சேருமா என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தால்தான் செல்லும்.

இவரது தனிச்சிறப்பு, இவரைத் தவிர்க்க முடியாதவராக வைத்திருக்கும் பொறுப்பை மத்திய நிதி அமைச்சகமே ஏற்றுக்கொண்டிருப்பது. 2017 முதல் பட்ஜெட் பிப்ரவரி 1ஆம் தேதி வந்துவிடுகிறது. 2020இல் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு வழி வைத்தார்கள். “சார், எனக்கு எது லாபம்?” என்ற கேள்வி அன்று பிறந்தது. 2024 ஜூலையில் புதிய முறைக்கு நிலையான கழிவை 50,000 ரூபாயிலிருந்து 75,000 ஆக்கினார்கள்; பழைய முறையில் கைவைக்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எக்செல் தாளில் ஒரு கட்டத்தைத் திருத்த வேண்டும். எந்தக் கட்டம் என்பது அவருக்கு மட்டும் தெரியும். தாளின் மற்றக் கட்டங்கள் பூட்டப்பட்டிருக்கின்றன.

4.3 எழுத்துரு உடையார்

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்கே உரிய அரிய வகை. ‘வானவில் அவ்வையார்’ எழுத்துருவில் அடித்த கடிதத்தை, அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்து தேவபாஷையாகத் தெரியும். ஆகவே ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த அவசரக் கடிதமே ஆனாலும், எழுத்துரு ஏற்றிய கம்ப்யூட்டர் முன்னால் அனைவரும் போய் நின்றாக வேண்டும். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் உடையார். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோட் முறையை ஏற்று அரசாணை வந்துவிட்டது. அந்த ஆணை எல்லா மேசைக்கும் போய்ச் சேர்ந்த வேகத்தைப் பார்த்தால், அதுவும் வானவில்லில்தான் அடிக்கப்பட்டிருக்குமோ என்று ஐயம் எழுகிறது.

4.4 பதிவறை ஞானி

சென்னை மாகாண காலத்தில் வகுத்த டாட்டன்ஹாம் முறைப்படி, அலுவலகத்துக்கு வரும் ஒவ்வொரு தபாலும் எண் பெற்று, தன்பதிவேட்டில் ஏறி, முடிந்தபின் எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டுமோ அதற்கேற்ற கட்டில் சேர வேண்டும். பதிவேடு சரியாக இருந்தால் முன்பின் தெரியாத ஆள்கூட ந.க. எண்ணைச் சொல்லிக் கோப்பை எடுத்துவிடலாம். மனிதனை நம்பாமல் எண்ணை நம்பும்படி அமைத்த முறை அது. பதிவறை ஞானி அதை எண்ணை நம்பாமல் தன்னை நம்பும்படி மாற்றி அமைத்தவர். “அந்தப் பட்டா மேல்முறையீடா? மூணாவது பீரோ, மேல்தட்டு, சிவப்புத் துணிக் கட்டு, பல்லி முட்டை இருக்கும் பாருங்க, அதுக்குக் கீழ.” அவருக்கு ஞாபகசக்தி அதிகம் என்று எல்லோரும் வியப்பார்கள். பதிவேட்டில் ஏற்றியிருந்தால் ஞாபகம் வைக்க வேண்டியதே இல்லை என்பதை வியப்புக்கு நடுவே எவரும் கேட்பதில்லை.

4.5 பதினோரு வரியார்

மென்பொருள் உலகத்தவர். 2016 மார்ச்சில், ஒரு பெயர்த் தகராறில் மனம் வெறுத்த நிரலாளர் ஒருவர், என்பிஎம் என்னும் பொதுக் களஞ்சியத்தில் தாம் வைத்திருந்த நிரல்களையெல்லாம் எடுத்துவிட்டார். அவற்றுள் ‘லெஃப்ட்-பேட்’ என்று ஒன்று. மொத்தம் 11 வரி. ஓர் எழுத்துத் தொடரின் இடப்பக்கத்தில் வெற்றிடத்தையோ வேறு குறியையோ நிரப்பி, வேண்டிய நீளத்துக்குக் கொண்டுவருவது மட்டுமே அதன் வேலை. முதலாண்டு மாணவர் எழுதிவிடலாம். ஆனால் அதை நம்பி ஒன்று, அந்த ஒன்றை நம்பி இன்னொன்று என்று அடுக்கியிருந்ததில், உலகெங்கும் எத்தனையோ நிறுவனங்களின் வேலை நின்றது. சில மணி நேரத்துக்குள் களஞ்சியத்தாரே அந்த 11 வரியை மறுபடி ஏற்றினார்கள். தவிர்க்க முடியாமைக்கும் வேலையின் அருமைக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடத் தூய சான்று ஆய்வுலகில் இல்லை.

5. நான்காம் முறை விதி

மேற்கண்ட ஐவரும் எப்படி அந்த நிலைக்கு வந்தார்கள் என்று தேடியபோது ஒரே பாதை தென்பட்டது. புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர் ஒருவரின் படிநிலை வளர்ச்சியைக் காட்டாகத் தருகிறோம்.

முதல் முறை: கண்காணிப்பாளர் அம்மா ஓய்வு பெறும் நாள். தம்பி தானாகவே செல்போனில் அழகாக ஒரு வாழ்த்துப் பதாகை வடிவமைத்து, ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்தார். கைதட்டினார்கள். “இந்தக் காலத்துப் பிள்ளைங்க திறமையே தனி” என்றார் வட்டாட்சியர்.

இரண்டாம் முறை: “தம்பி, அன்னிக்கு ஒண்ணு பண்ணினீங்களே, அதே மாதிரி ஒண்ணு.”

மூன்றாம் முறை: “தம்பி, வர்ற 31ஆம் தேதி ஜீப் டிரைவர் அண்ணன் ஓய்வு. பேனர் நீங்க பார்த்துப்பீங்கன்னு சொல்லிட்டேன்.”

நான்காம் முறை: “என்ன தம்பி, மணி பதினொண்ணு ஆச்சு, இன்னும் பேனர் வரலை?”

இதிலிருந்து வருவிக்கப்படும் விதி: யாரும் கேட்காமல் செய்யப்படும் ஒரு வேலை முதல் முறை உதவி, இரண்டாம் முறை வழக்கம், மூன்றாம் முறை கடமை, நான்காம் முறை செய்யாவிட்டால் குற்றம். அரசு ஊழியர்கள் இதன் கடைசிப் படியை, ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) விதிக்கு முந்தைய பார்வை என்று அடையாளம் கண்டுகொள்வார்கள்.

துணை விதிகள் இரண்டு. முதலாவது, பாராட்டு முழுவதும் முதல் முறையோடு தீர்ந்துவிடுகிறது. மிச்ச முறைகளுக்கு வைத்துக்கொள்ள வழியில்லை. இரண்டாவது, ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்குக் கொடுத்த பணம் இரண்டாம் முறையிலிருந்து திரும்பி வருவதில்லை. எல்லோரிடமும் பிரித்துத் தருவதாகச் சொன்னவர் அடுத்த 31ஆம் தேதி ஓய்வு பெறுகிறார். அவருக்கும் பேனர் வேண்டும்.

6. வரலாற்றுச் சான்றுகள்

6.1 அனுமன். தானாக முன்வந்து செய்த ஊழியர்களில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர். அவருக்கு இட்ட பணி, சீதை இருக்குமிடம் கண்டு கணையாழியைக் கொடுத்து வருவது. இலங்கைக்குத் தீ வைப்பது பணிவிவரத்தில் கிடையாது. சந்தர்ப்பத்தைப் பார்த்துச் செய்தார், நன்றாகவே செய்தார். விளைவு, போர்க்களத்தில் மூலிகை வேண்டும் என்றபோது மற்றவர் எவரையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மலையையே கொண்டுவந்தார். இந்த இடத்தில் நான்காம் முறை விதி அதன் முழு உருவை அடைகிறது: போர் முடிந்து சுக்கிரீவன் கிட்கிந்தைக்குப் போனான், விபீடணன் இலங்கைக்குப் போனான், இருவருக்கும் அரசு கிடைத்தது. அனுமனுக்குக் கிடைத்தது சிரஞ்சீவித்துவம். பணியாளர் மொழியில் சொன்னால், ஓய்வு வயது நீக்கப்பட்டது.

6.2 வாட்டெல். 1671 ஏப்ரலில் பிரான்சின் ஷாந்திலி மாளிகைக்குப் பதினான்காம் லூயி மன்னர் பரிவாரத்தோடு விருந்துக்கு வந்தார். விருந்தளித்தவர் கோந்தே இளவரசர். ஏற்பாடு அனைத்தும் ஃப்ரான்சுவா வாட்டெல் என்ற ஒற்றை மனிதரின் தலையில். முதல் நாள் இரவு ஓரிரு மேசைக்கு வறுத்த இறைச்சி போதவில்லை. மறுநாள் வெள்ளி, இறைச்சி கூடாது, மீன்தான் வேண்டும். விடிகாலையில் கொஞ்சம் மீன்தான் வந்தது. அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றார் கொண்டுவந்தவர். பல துறைமுகங்களுக்கும் வாட்டெல் ஆள் அனுப்பியிருந்தது அவருக்குத் தெரியாது. வாட்டெல் அறைக்குப் போய் வாளின் மேல் விழுந்து உயிரை விட்டார். மீன் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இதைக் கடிதத்தில் எழுதிவைத்த மதாம் த செவிஞே, அன்றைய சாப்பாடு நன்றாகவே இருந்ததையும் எழுதியிருக்கிறார். வேறொருவர் பொறுப்பெடுத்துக்கொண்டார், மன்னர் சாப்பிட்டார், வேட்டைக்குப் போனார்கள். சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. நான் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை மனிதனை எதுவரை கொண்டுபோகும் என்பதற்காக மட்டும் இங்கே பதிவு செய்கிறோம்.

6.3 நிக் லீசன். படைப்பாற்றலும் முன்வந்து செய்யும் குணமும் ஒருங்கே அமைந்தவர். 1762இல் தொடங்கிய லண்டனின் பேரிங்ஸ் வங்கி இவரை 1992இல் சிங்கப்பூருக்கு அனுப்பியது. சந்தையில் வாங்கி விற்பதும் இவரே, அந்தக் கணக்கைச் சரிபார்ப்பதும் இவரே. இரண்டுக்கும் இரண்டு ஆள் வைக்க வேண்டும் என்பது பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். ஆனால் இவர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாரே! பார்த்துக்கொண்டார். நட்டங்களை 88888 என்ற பிழைக் கணக்கில் போட்டு மறைத்தார். 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம் வந்து ஜப்பானியப் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த மாதம் வங்கியே சரிந்தது. நட்டம் 82.7 கோடி பவுண்டு. இருநூற்று முப்பது ஆண்டைத் தாண்டிய அந்த வங்கியை டச்சு நிறுவனமான ஐஎன்ஜி ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. பார்க்கின்சன் பாடம் நடத்திய அதே ஊரில் இது நடந்தது என்பதைத் தற்செயல் என்று விடுவதா, நினைவுச் சொற்பொழிவு என்று கொள்வதா என்பதை வாசகர் முடிவுக்கே விடுகிறோம்.

6.4 கர்ணம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலைமுறைகளாகத் தவிர்க்க முடியாதவராக இருந்தவர். எந்த நிலம் யார் பெயரில், எந்தப் போகத்தில் என்ன பயிர், எவ்வளவு தீர்வை என்பது அவர் கணக்கில் இருந்தது. கணக்கு அவர் வீட்டில் இருந்தது. வீட்டுத் திண்ணையில் காத்திருக்காமல் நிலம் கைமாறியதில்லை. இவர் இல்லாமல் வருவாய்த் துறை ஒருநாள் ஓடுமா என்று கேட்டிருந்தால் ஊரே சிரித்திருக்கும். 1980 நவம்பர் 14 அன்று, எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த ஓர் அவசரச் சட்டம் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒட்டுமொத்தமாக ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1982இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. கர்ணம் இருந்த இடத்தில் தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் உட்கார்ந்தார். இன்று பட்டாவையும் சிட்டாவையும் செல்போனிலேயே எடுக்கிறார்கள். ஒரு மனிதரைத் தவிர்க்க முடியாதபோது அரசு பதவியையே தவிர்த்துவிடும் என்ற முடிவு இங்கே உறுதியாகிறது.

7. தடுப்பு மருந்துகள்

இந்த நோயை உலகம் அறியாமல் இல்லை. மென்பொருள்காரர்கள் ‘பஸ் எண்’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: குழுவில் எத்தனை பேர் பஸ்ஸில் அடிபட்டால் திட்டம் நிற்கும்? பதில் ‘ஒருவர்’ என்றால் நிலைமை மோசம். நல்ல மேலாளர்கள் அந்த எண்ணைக் கூட்டப் பார்ப்பார்கள். மற்றவர்கள் அந்த ஒருவரைச் சாலையைப் பார்த்துக் கடக்கச் சொல்வார்கள்.

வங்கிகளின் ஏற்பாடு இன்னும் தெளிவானது. பெட்டக அறையைத் திறக்க இரண்டு சாவி. இரண்டும் இரண்டு பேரிடம். ஒருவர் எவ்வளவு படைப்பாற்றல் மிக்கவராக இருந்தாலும் தனியாக நகையைப் பார்க்க முடியாது. இதற்கும் மேலே போய், 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. முக்கியப் பொறுப்புகளில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, தொடர்ச்சியாகப் பத்து வேலை நாளுக்குக் குறையாமல், முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று விடுப்பில் அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் அவர்கள் தம் வேலையை நேரிலும் தொடக்கூடாது, இணையம் வழியாகவும் தொடக்கூடாது. ஒருவரை நம்பி நடக்கும் மோசடி அவர் இல்லாதபோதுதான் வெளியே வரும் என்பது காரணம். மற்ற அலுவலகங்களில் கெஞ்சியும் கிடைக்காத விடுப்பு, வங்கியில் சந்தேகத்தின் பேரில் கட்டாயமாகக் கிடைக்கிறது. எந்தத் துறையில் வேலைக்குச் சேர்வது என்று குழம்பும் இளைஞர்கள் இதைக் கருத்தில் கொள்க.

8. இறுதி நிலை

தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஈட்டிய விடுப்பை 240 நாள்வரை சேர்த்துவைத்து ஓய்வின்போது பணமாக்கிக்கொள்ளலாம். தவிர்க்க முடியாதவரின் கணக்கில் அந்த 240 நாளும் முழுசாக இருக்கும். பிரிவு உபசார விழாவில், “இவர் இல்லாம எப்படித்தான் ஓட்டப்போறோமோ” என்று மூன்று பேர் தனித்தனியாகப் பேசுவார்கள். மாலை போடுவார்கள். ஜீப்பில் வீடுவரை கொண்டுவிடுவார்கள்.

முதல் மாதம் அலுவலகத்திலிருந்து அவருக்குப் போன் வரும். “அண்ணே, அந்தக் கட்டு எங்க?” இரண்டாவது மாதம் போன் குறையும். மூன்றாவது மாதம் அவர் அலுவலகத்துக்குப் போன் செய்வார். “ஒண்ணும் சிரமம் இல்லையே?” எதிர்முனையில் புதுத் தம்பி ஒருவர், “இல்லீங்கண்ணே, யூடியூப்ல பார்த்து பண்ணிக்கிட்டோம்” என்பார். முப்பது வருஷ ரகசியம் நான்கு நிமிட வீடியோவாக இருந்தது என்பதை அவர் அன்று அறிகிறார்.

9. எதிர்வாதமும் மறுப்பும்

அப்படியானால் எந்த வேலையையும் முன்வந்து செய்யாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே புத்திசாலித்தனமா என்று கேட்கலாம். இல்லை. அதற்கும் ஏற்கெனவே வேறு ஆள் இருக்கிறார். அந்தத் துறையிலும் போட்டி கடுமை.

மேலே கண்ட ஐவரிடமும் நாம் குறை காண்பது ஓரிடத்தில்தான். வழி கண்டுபிடிப்பது வரைக்கும் அவர்கள் படைப்பாளிகள். கண்டுபிடித்த மறுநிமிடம் வழியில் சாவடி கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் சாவடிக்காரரும் அதை விட்டு நகர முடியாமல் போய்விட்டது. பிரிண்டரைச் சரிசெய்தவருக்கு மூளை இருக்கிறது; சரிசெய்யும் முறையை ஒரு தாளில் எழுதிப் பிரிண்டர் மூடியிலேயே ஒட்டியவருக்கு மூளையும் இருக்கிறது, தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட்டும் இருக்கிறது. பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது, “அவரை அனுப்பினா இதை யார் பார்ப்பாங்க?” என்ற கேள்விக்கு, “யார் வேணும்னாலும் பார்த்துக்கலாம் சார்” என்று நான்கு பேர் ஒரே குரலில் சொல்ல முடிந்தால், அதுவே அவர் செய்த வேலைக்கான சான்றிதழ்.

10. பரிந்துரைகள்

அ. முதல் முறை செய்யும்போது பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்துக்கொள்க. இரண்டாம் முறை அவரைச் செய்யவிட்டு நீங்கள் பக்கத்தில் நிற்க. மூன்றாம் முறைக்குள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுக.

ஆ. எக்செல் கட்டங்களின் பூட்டைத் திறந்துவிடுக. யாராவது கெடுத்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. நகல் ஒன்று வைத்துக்கொண்டால் போயிற்று.

இ. ‘தவிர்க்க முடியாத ஊழியர்’ என்று யாராவது மேடையில் பாராட்டினால், பணிந்து வணங்கிவிட்டு, உடனடியாக மருத்துவச் சான்றோடு பத்து வேலை நாள் விடுப்பில் செல்க. ரிசர்வ் வங்கி உங்கள் பக்கம் இருக்கிறது.

ஈ. இக்கட்டுரையைப் படித்து மகிழ்ந்த சக ஊழியர்கள், “எனக்கும் ஒரு பிரதி எடுத்துக் குடுங்களேன்” என்று கேட்பார்கள். எடுத்துக் கொடுக்காதீர்கள். அது முதல் முறை.